படுத்த கோடு

முதல் நாள் மழை பெய்ததா என்பதில் எனக்கு இப்போது நிச்சயமில்லை. இசோபே இதை இரண்டு முறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு முறை நடைமேடைக் கூரையிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது. மறு முறை வெயில் கண்ணைக் கூசவைத்தது. அவள் போட்டிருந்த சாம்பல் நிற மேலங்கி அந்தக் குளிர்காலத்தினுடையதா, அடுத்ததினுடையதா என்பதும் தெரியாது. விட்டுப்போன இடங்களில் நானாக இட்டு நிரப்பியதும் கொஞ்சம் இருக்கும். ஆனால் எந்த வண்டி எங்கே நின்றது, எதற்காக நின்றது என்பதை மட்டும் அவன் ஒருபோதும் மாற்றிச் சொன்னதில்லை.

இசோபே குனிஹிகோ ஒசாகாவில் ஒரு தனியார் ரயில் கம்பெனியில் கால அட்டவணை வரைபவன். வரைபவன் என்றால் உண்மையிலேயே வரைபவன்தான். அலுவலகத்துக்குக் கணினி வந்துவிட்டிருந்தாலும் யாரும் பென்சிலைக் கீழே வைக்காத காலம் அது. மேசை நிறைய விரித்த தாளில் இடமிருந்து வலமாக நேரம் ஓடும். மேலிருந்து கீழாக நிலையங்கள். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்ந்த கோடு. எக்ஸ்பிரஸின் கோடு விறுவிறுவென்று இறங்கும். எல்லா ஊரிலும் நிற்கும் சாதா வண்டியின் கோடு, வேலை முடிந்து வீடு திரும்புகிறவனைப் போலச் சாய்ந்து சாய்ந்து இறங்கும். இரண்டும் ஒரே தண்டவாளத்தில் போவதால், பின்னால் வருகிற எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, சாதா வண்டி ஏதாவது ஒரு நிலையத்தின் பக்கத் தடத்தில் ஒதுங்கி நிற்கவேண்டும். நிற்கிற நேரத்துக்கு அதன் கோடு தாளில் கிடைமட்டமாகப் படுத்துவிடும். கோடு படுப்பது அந்த அலுவலகத்தில் யாருக்கும் பிடிக்காது. "படுத்த கோடு, படுத்த வியாபாரம்" என்பார் பிரிவுத் தலைவர் தோகி.

இசோபேக்கு நாற்பது தாண்டியிருந்தது. கல்யாணம் ஆகவில்லை. பக்கத்து மேசை நிஷிகவா அதை வைத்தே பிழைப்பு நடத்தினான்.

"இவனப் பொண்ணு பாக்க அனுப்பினா, அந்த வீட்டுல எத்தன நேரம் நிக்கணும்னு ஒரு கணக்குப் போடுவான். அப்புறம் நிக்கத் தேவையில்லன்னு நேரா திரும்பி வந்துடுவான்" என்பான்.

இசோபே சிரிப்பான். பென்சிலைச் சீவத் தொடங்குவான்.

அவன் வீடு மொரிதாவில். சாதா வண்டி மட்டும் நிற்கிற ஊர். காலையில் அங்கே ஏறினால் அடுத்தது ஹிராகி. ஹிராகியில் வண்டி நான்கு நிமிடம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும். அதே நடைமேடையின் மறுபுறத்தில் எக்ஸ்பிரஸ் வந்து நிற்கும். அவசரக்காரர்கள் ஒரு பக்கத்திலிருந்து இறங்கி, நடைமேடையைக் குறுக்கே கடந்து, மறுபக்கத்தில் ஏறிக்கொள்வார்கள். ஏறக்குறைய எல்லோருமே அவசரக்காரர்கள்தான். எக்ஸ்பிரஸ் போன பிறகு சாதா வண்டியில் தூங்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஆஸ்பத்திரிக்குப் போகும் கிழவர்களும், இசோபேயும் மிஞ்சுவார்கள். சாதா வண்டியை வரைகிறவன் சாதா வண்டியில்தான் போகவேண்டும் என்று அவன் தனக்குத்தானே ஒரு நியாயம் வைத்திருந்தான்.

மிஞ்சியவர்களில் அவளும் ஒருத்தி.

முராய் சிசுரு, மலையடிவாரத்தில் இருந்த கசுமிதானியில் ஏறி, பெரிய நிலையமான சகாதேயில் இறங்குகிறவள். முப்பதுகளின் முடிவில் இருந்தாள். ஹிராகியில் வண்டி நின்றதும் அவள் இறங்கி, நடைமேடையில் காசு போட்டு வாங்கும் இயந்திரத்தில் சூடான சோளச் சூப் டப்பா ஒன்றை வாங்கி, பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து குடிப்பாள். இசோபே அதே பெஞ்சின் மறுகோடியில் உட்காருவான். ஒரு இலையுதிர்காலம் முழுக்க அவர்கள் தலையை மட்டும் அசைத்துக்கொண்டார்கள்.

மழையோ வெயிலோ, அந்த முதல் நாளில் அவள் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்து அடியைத் தட்டினாள்.

"கடைசி நாலு சோளம் மட்டும் எப்பவும் வராது" என்றாள், டப்பாவிடம் சொல்வதுபோல. "இதச் செஞ்சவங்க ஒருநாளாவது குடிச்சுப் பாத்திருப்பாங்களா?"

"நான் செய்யறதுல நான் தினமும் ஏறிப் பாக்கறேங்க" என்றான் இசோபே. அப்படிச் சொல்லிவிட்டோமே என்று உடனே வெட்கமாகிவிட்டது.

"என்ன செய்யறீங்க?"

அவன் நின்றிருந்த வண்டியைக் கைகாட்டினான். தாளைப் பற்றியும் கோட்டைப் பற்றியும் நான்கு வாக்கியம் சொன்னான். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப எங்கள இங்க கட்டிப் போட்டு வச்சிருக்கறது நீங்கதானா?"

"ஆமாங்க. மன்னிக்கணும்."

"நல்லதாப் போச்சு. இத்தன வருஷமா யாரத் திட்டறதுன்னே தெரியாம இருந்தேன்."

மறுநாளிலிருந்து அவள் திட்டத் தொடங்கினாள். காற்று அடித்தால் அவனால். சூப் ஆறியிருந்தால் அவனால். எக்ஸ்பிரஸ் கதவு மூடி நகரும்போது, "அதோ போறாங்க பாருங்க, கொடுத்து வச்சவங்க. நாம கெடக்கறோம் இங்க, யாரோ மறந்துட்டுப்போன குடை மாதிரி" என்பாள். சகாதேயில் ஒரு பல் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்துப் பொய்ப்பல் செய்வாள். பேசும்போது அவள் கண் எதிராளியின் வாயில்தான் இருக்கும்.

"உங்க கீழ்வரிசைல ஒரு பல்லு கொஞ்சம் பின்னால ஒதுங்கி நிக்குது. கவனிச்சிருக்கீங்களா?"

"இல்லீங்க."

"மத்ததுக்கெல்லாம் வழி விட்டுட்டு நிக்குது. சாதா வண்டி மாதிரி."

அன்று அலுவலகத்தில் அவன் மூன்று தடவை கழிவறைக்குப் போய்க் கண்ணாடி பார்த்தான் என்று நிஷிகவா பின்னால் சொன்னான்.

மணி அடித்ததும் இருவரும் வண்டிக்குள் போய்விடுவார்கள். அவள் தன் மூலை இருக்கைக்கு. அவன் எதிர்வரிசையில், கொஞ்சம் தள்ளி. வண்டி நகர்ந்தபிறகு ஒரு வார்த்தையும் பேசமாட்டார்கள். காலை வண்டியில் யாரும் பேசுவதில்லை, அவர்களும் பேசவில்லை. அவள் கண்ணை மூடிக்கொள்வாள். அவன் ஜன்னலில் தெரியும் அவளுடைய பிம்பத்தின் மேல் வயல்களும் கூரைகளும் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருப்பான். சகாதேயில் இறங்கும்போது அவள் தலையசைப்பாள். அவ்வளவுதான். அவர்களுக்குப் பேச்சு என்று இருந்தது ஹிராகியில் மட்டும்.

இப்படி இரண்டு குளிர்காலம். அவளுக்கு ஒருமுறை கல்யாணமாகி முறிந்தது என்றும், அக்காவோடு இருக்கிறாள் என்றும், அக்கா தூக்கத்தில் பாட்டுப் பாடுவாள் என்றும் தெரிந்துகொண்டான். தன்னைப் பற்றிச் சொல்ல அவனிடம் அதிகமில்லை. ஆனாலும் அவளிடம் சொல்வதற்கென்று நாள் முழுக்க எதையாவது பொறுக்கிக்கொண்டிருந்தான். தெருவில் பார்த்த பூனை, உணவகத்தில் கேட்ட சண்டை. ஞாயிற்றுக்கிழமைகள் முடியவே முடியாதவையாக இருந்தன. அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு உதோன் நூடுல்ஸ் கடை உண்டு. ஒருநாள் சாயங்காலம் அங்கே சாப்பிட வருகிறீர்களா என்று கேட்கவேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசையெல்லாம். எத்தனையோ காலையில் அது நாக்கு நுனிவரை வந்தது. எக்ஸ்பிரஸும் வந்தது, போனது. மணி அடித்தது. நாளைக்கு இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டான். நாளைக்கும் வண்டி நிற்கும். அதை நிறுத்தியவனே அவன்தானே.

அந்த வருடம் அட்டவணையை மாற்றும் வேலை வந்தது. கசுமிதானியில் புதுக் குடியிருப்புகள் எழும்பியிருந்தன. வண்டி புறப்பட அங்கே புதிதாக ஒரு தடம் போட்டிருந்தார்கள். காலைச் சாதா வண்டியை என்ன செய்வது என்று தோகி கேட்டார். இரண்டு வழி இருந்தது. இப்போது போலவே ஹிராகியில் ஒதுங்கி நிற்கவிடலாம். அல்லது எக்ஸ்பிரஸை முன்னால் போகவிட்டு, அதன் பின்னாலேயே, கசுமிதானியையே தொடக்க நிலையமாக வைத்து, அங்கிருந்து காலி வண்டியாகக் கிளப்பலாம். அப்படிச் செய்தால் எங்கும் ஒதுங்கவேண்டாம். கோடு படுக்காது.

அந்தப் பிரிவில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. தான் தினமும் ஏறுகிற வண்டியைத் தானே வரையக் கூடாது. தனக்கு வசதியாக வளைத்துக்கொள்வான் என்பதற்காக. அந்த வண்டி பக்கத்து மேசைக்குப் போய்விடும். இப்போது ஓடுகிற கோட்டை இசோபே வரைந்தது மொரிதாவுக்குக் குடிவருவதற்கு முன்னால்; இந்த முறை வண்டி நிஷிகவாவுக்குப் போயிருக்கவேண்டும். இசோபே எழுந்து தோகியின் மேசைக்குப் போனான்.

"அந்த வண்டிய நானே போடறேன் சார்."

தோகி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "உன் வண்டிய நீயா? என்னய்யா, மொரிதா வாசல்ல உன் பேருல ஒரு சீட்டு போட்டுக்கப் போறியா?"

"கசுமிதானியில இருந்து காலியாக் கிளப்பற மாதிரி போடலாம்னு."

தோகி யோசித்தார். "அப்படிப் போட்டா கசுமிதானிக்காரன் எல்லாம் உக்காந்துடுவான். மொரிதா வரும்போது உனக்கு நிக்கத்தான் எடம் இருக்கும். இப்ப ஜம்முனு உக்காந்து வர்றியே."

"பரவால்ல சார்."

"தன் தலையில தானே மண்ண வாரிப் போட்டுக்கறவன இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்று தோகி நிஷிகவாவைப் பார்த்துச் சொன்னார். "சரி, போட்டுக்க. இதுல நீ என்ன சுருட்டிடப் போற."

சட்டம் போட்டவர்கள் ஒருவன் தனக்காக வளைப்பான் என்றுதான் பயந்தார்கள். வேறொருவருக்காக வளைப்பான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இசோபேயின் கணக்கு இதுதான். அவள் தினமும் குறை சொல்கிறாள். சிரித்துக்கொண்டு சொன்னாலும் குறை குறைதானே. அவர்களுடைய தொழிலில் பயணியின் குறையைவிடப் பெரிய வார்த்தை கிடையாது. நிலையங்களிலிருந்து வருகிற குறைகளை அவர்கள் வேதம்போல் படிப்பார்கள். யாரோ முகம் தெரியாதவர்களின் குறைக்கெல்லாம் இரவுபகலாகக் கோடு திருத்தியிருக்கிறான். அவளுடைய குறைக்குச் செய்யாமல் இருப்பதா? அவள் எக்ஸ்பிரஸுக்கு மாறி ஏறாததற்கும் அவனிடம் காரணம் இருந்தது. அலுவலகத்தில் பயணிகளை இரண்டாகப் பிரிப்பார்கள்: நேரம் பார்க்கிறவர்கள், இருக்கை பார்க்கிறவர்கள். அவள் இருக்கை பார்க்கிறவள். கசுமிதானியில் காலி வண்டி கிளம்பினால் இருக்கையும் நிச்சயம், காத்திருப்பும் இல்லை. காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தூங்கலாம்.

அவனுக்கு என்ன போகும் என்பது தெரியாமலில்லை. பெஞ்சு போகும். அதை நினைத்து அந்தக் கோட்டின் மேல் பென்சிலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஆனால் பெஞ்சு இல்லாமல் போனால்தான், உதோன் கடையைப் பற்றித் தன்னால் கேட்கமுடியும் என்று தோன்றியது. இனி நாளைக்கு இருக்காது. இவ்வளவையும் அவளுக்குச் செய்துவிட்டு, அதைச் சொல்லிவிட்டு, பிறகு கேட்பது. வெறுங்கையோடு கேட்க அவனுக்கு வராது.

கோட்டை நிமிர்த்திப் போட்டான். பார்க்க அழகாக இருந்தது.

அறிவிப்பு வரும்வரை புது அட்டவணையைப் பற்றி வீட்டில்கூடச் சொல்லக்கூடாது. குளிர்காலம் முழுக்க அவன் அதை நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டிருந்தான். அவள் திட்டத் திட்ட அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

"இந்தக் காத்துல காது அறுந்து விழுந்துடும்போல இருக்கு. உங்க கோட்டக் கொஞ்சம் நிமித்தக் கூடாதா, இசோபே சான்?"

"பாக்கலாங்க."

"பாக்கலாமாம். ரெண்டு வருஷமாப் பாக்கறாரு" என்று அவள் டப்பாவால் கையைச் சூடாக்கிக்கொண்டு சிரித்தாள்.

மார்ச் மாதத்தின் ஒரு காலையில் நிலையச் சுவர்களில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. இசோபே முந்தைய நாளே எல்லாவற்றையும் பங்கு போட்டுவைத்திருந்தான். செய்தியைச் சொல்ல ஒரு நிமிடம். அவள் சந்தோஷப்பட ஒரு நிமிடம். மிச்சம் உதோன் கடைக்கு.

அவள் பெஞ்சில் உட்கார்ந்து டப்பாவைத் திறந்தாள்.

"அடுத்த மாசத்துல இருந்து இந்த வண்டி இங்க நிக்காதுங்க" என்றான். "கசுமிதானியிலயே காலியாக் கிளம்பும். நீங்க எங்க வேணும்னாலும் உக்காரலாம். இங்க சும்மா கதவத் தொறந்து மூடிட்டுப் போயிடும்."

அவள் டப்பாவை வாயிலிருந்து எடுத்தாள். "நிக்காதா?"

"நிக்காது. நான்தான் போட்டேன்."

"யாரு கேட்டாங்க?"

"நீங்கதானே… தினமும் சொன்னீங்களே."

தூரத்தில் எக்ஸ்பிரஸின் விளக்கு தெரிந்தது. தண்டவாளம் மெல்ல அதிரத் தொடங்கியது. அவன் அவளுடைய சந்தோஷத்துக்காக ஒதுக்கியிருந்த நேரம் ஓடிக்கொண்டிருந்தது.

"சொன்னேன்" என்றாள் கடைசியில். "ஆமா, சொன்னேன்."

பிறகு, அவனைப் பார்க்காமல், "அந்தப் பக்கம் எக்ஸ்பிரஸ் தினமும்தான் வந்துது. நான் ஒருநாளும் ஏறல. அதுக்கும் ஏதாவது காரணம் எழுதி வச்சிருப்பீங்களே?"

"உக்கார எடத்துக்காகன்னு நெனச்சேங்க."

"உக்கார எடம்."

அவள் அதை ஒரு ஊர்ப் பெயரைப் படிப்பதுபோலச் சொன்னாள். எக்ஸ்பிரஸ் வந்து நின்றது. கதவுகள் திறந்தன. மக்கள் குறுக்கே பாய்ந்தார்கள். அவள் எழுந்து, பாதி குடித்த டப்பாவைத் தொட்டியில் போட்டாள். தோள்பையைச் சரிசெய்துகொண்டாள். பிறகு மற்றவர்களோடு நடந்து எக்ஸ்பிரஸில் ஏறினாள். நெரிசலில் கதவை ஒட்டி முதுகு காட்டி நின்றாள். கதவு மூடியது. வண்டி போனது.

இசோபே பெஞ்சிலேயே இருந்தான். சாதா வண்டியின் மணி அடித்தபோது எழுந்து போய் ஏறினான். எதிர்வரிசையின் மூலை இருக்கை காலியாக இருந்தது. சகாதே வரும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான். எந்தத் தாளிலும் பார்த்திராத ஒன்று அவனுக்கு அப்போது தெரிந்தது. நேரத்துக்காகவும் இல்லாமல், இருக்கைக்காகவும் இல்லாமல், ஒருவர் மெதுவான வண்டியில் போகலாம். அவனே இரண்டு வருடமாக அப்படித்தான் போய்க்கொண்டிருந்தான்.

பழைய அட்டவணை இன்னும் சில வாரம் ஓடியது. அந்த வாரங்களில் அவள் பெஞ்சுக்கு வரவில்லை. வண்டி நின்றதும் இறங்குவாள், நடைமேடையைக் கடப்பாள், எக்ஸ்பிரஸ் வரும் பக்கத்தில் வரிசையில் நிற்பாள். அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எட்டிக் கூப்பிட்டால் கேட்கிற தூரம். தலையசைத்தால் அவளும் தலையசைத்தாள். கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. கோபம் இருந்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டாவது பேசியிருக்கலாம். அவன் ஒவ்வொரு காலையும் சொல்லவேண்டியதைத் தயார் செய்துகொண்டு வந்தான். ஒவ்வொரு காலையும் அது பெஞ்சிலேயே தங்கிவிட்டது.

கடைசி நாளன்று எழுந்துவிட்டான். எக்ஸ்பிரஸின் கதவு திறந்தபோது அவனும் குறுக்கே ஓடினான். அவள் ஏறிய கதவில் இடமில்லை. அடுத்த கதவில் ஒருவர் தோளும் இன்னொருவர் பையும் சேர்ந்து அவனை உள்ளே தள்ளின. தலைகளுக்கு நடுவே அவளுடைய பின்னந்தலை தெரிந்தது.

"முராய் சான்" என்றான்.

பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காலை வண்டியில் ஒரு மனிதன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான். அந்தப் பின்னந்தலை அசைந்ததா, வண்டியின் ஆட்டமா என்று அவனால் சொல்லமுடியவில்லை. சகாதேயில் எதிர்ப்பக்கத்துக் கதவு திறந்தது. அது அவனுக்குத் தெரிந்ததுதான். எந்த நிலையத்தில் எந்தப் பக்கம் திறக்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் உள்ளே ஆழமாக மாட்டிக்கொண்டிருந்தான். "எறங்கணும், கொஞ்சம் விடுங்க" என்று சொல்லிச் சொல்லிக் கதவை நெருங்குவதற்குள் அது மூடிவிட்டது. கண்ணாடிக்கு வெளியே அவள் நடைமேடைப் படிக்கட்டருகில் நின்று திரும்பி, வண்டியின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கையைத் தூக்கினான். தூக்கிய கை யாரோ ஒருவருடைய செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தது.

புது அட்டவணை திங்கட்கிழமை தொடங்கியது. மொரிதாவில் அவன் ஏறியபோது எல்லா இருக்கையும் நிரம்பியிருந்தது. மூலையில் அவள் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். ஹிராகியில் கதவு திறந்து மூடியது. பெஞ்சு ஜன்னலில் வந்து போனது. அவன் அவளுக்கு நேர் எதிரே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, சகாதே வரும்வரை நின்றான். அவள் தூங்கினாளா என்று தெரியவில்லை. இறங்கும்போது, "சீக்கிரமாத்தான் வந்துடுது" என்று சன்னமாகச் சொன்னாள். அவன் "ஆமாங்க" என்றான். கூட்டம் அவளை இழுத்துக்கொண்டு போனது. மழைக்காலம் தொடங்குவதற்குள் அவள் அந்த வண்டியில் வருவது நின்றுபோனது.

அடுத்த மாற்றம் வந்தபோது இசோபே தானாகவே அந்த வண்டியை நிஷிகவாவிடம் கொடுத்துவிட்டான். நிஷிகவா அதைத் தொடவில்லை. அதைப் பற்றி ஒருவரும் குறை சொல்லியிருக்கவில்லை.

தோகி சில வருடத்தில் ஓய்வு பெற்று, மகளோடு கோபேயில் இருந்து, அங்கேயே இறந்தார். நிஷிகவா கணினிப் பிரிவுக்குப் போய் அதன் தலைவனானான். ஹிராகியின் பக்கத் தடத்தை யாரும் பயன்படுத்தாததால் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். அங்கே இப்போது சைக்கிள் நிறுத்துகிறார்கள். சிசுருவும் அக்காவும் சகாதேயிலேயே வீடு பார்த்துக்கொண்டு போனார்கள். பிற்பாடு அவள் அந்த ஆய்வகத்தைத் தானே எடுத்து நடத்தினாள் என்றும், ஒரு பல் மருத்துவரைக் கல்யாணம் செய்துகொண்டாள் என்றும் கேள்வி. இசோபே கடைசிவரை அதே பிரிவில் வேலை பார்த்தான். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இன்னும் மொரிதாவில்தான் இருக்கிறான்.